பார்க்கலாம், கொண்டுபோக ஏலாது

கடவுளே நேரில் இறங்கி வந்து, "உலகத்தைப் படைத்தபோது எழுதிய கோப்பை ஒருக்கால் எடும் பார்ப்பம்" என்று கேட்டாலும், "நீங்க எந்தப் பகுதி, ஐயா?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் நூல்கட்டியார்தான். கேட்டுவிட்டு, பாவம், அவ்வளவு தூரம் வந்தவர் களைத்திருப்பாரே என்று ஒரு கதிரையைத் தூசி தட்டியும் போட்டிருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் மட்டக்களப்பில், வாவிக்கரையோரமாக இருந்த ஒரு காணிக் கந்தோரில், அதாவது காணி அலுவலகத்தில், நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். புதியவன் என்றபடியால் என்னைக் கோப்பறைக்குள் தள்ளிவிட்டார்கள். கந்தோரின் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான அறை அது. சுற்றிவர அலுமாரிகள், நடுவில் நூல்கட்டியார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சம்பள நாளில் காசாளர்கூட "நூல்கட்டியார் வாங்க" என்றுதான் கூப்பிடுவார், இவரும் கூச்சமில்லாமல் போய்க் கையொப்பம் வைப்பார்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் அவர் நூல் கட்டியிருப்பார். நான் சேர்ந்த அன்றே எனக்குப் பாடம் நடந்தது.

"மனே, ஒரு பைலை மனிசன் என்ன செய்வான்? பார்ப்பான், எழுதுவான், தூக்கிக்கொண்டு போவான். வேற என்ன செய்வான்?"

"கிழிப்பான்," என்றேன்.

"அது எழுதுறதுக்குள்ள அடக்கம்," என்றார் முகம் மாறாமல்.

வெள்ளை நூல் இருந்தால் பார்க்கலாம். பச்சை நூல் இருந்தால் எழுதலாம். சிவப்பு நூல் இருந்தால் வெளியே கொண்டுபோகலாம். நூல் இல்லாவிட்டால் அந்த உரிமையும் இல்லை. உரியவருக்கு, அவருடைய பகுதிக்கு, ஊருக்கு என்று ஒவ்வொரு கோப்பிலும் மூன்று தனித்தனிக் கட்டு. வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "நீங்க ஆர்? உரிய ஆளா, பகுதி ஆளா, ஊர் ஆளா?" அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் அலுமாரிகளின் திறப்புக் கோர்வை இடுப்பிலிருந்து இறங்கும்.

இந்த வியாதி கோப்புகளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருடைய சாப்பாட்டுக் கரியரில் மேல்தட்டுச் சோறும் கீரையும் பகுதி ஆட்களுக்குப் பொது. அடித்தட்டில் இருக்கும் பொரித்த மீனை நாங்கள் பார்க்கலாம். குடை இரவல் கேட்டால் மறுக்கமாட்டார். "பிடிக்கலாம், கொண்டுபோக ஏலா" என்று சொல்லிவிட்டுத் தானும் கூடவே பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நனைந்தபடி நடந்து வந்து, நம்மை ஏற்றிவிட்டுக் குடையோடு திரும்புவார்.

கந்தோருக்குப் புதிதாக வந்த பெரிய கிளாக்கருக்கு இதையெல்லாம் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "இதென்ன கூத்து? எல்லா நூலையும் வெட்டுங்க. அலுமாரியெல்லாம் திறந்து கிடக்கட்டும். ஆருக்கு எது வேணுமோ எடுக்கட்டும்," என்று கட்டளை போட்டார். நூல்கட்டியார் கத்தரிக்கோலை எடுத்து வந்து, வெட்டின நூலையெல்லாம் நிறம் நிறமாகச் சுற்றி வைத்தார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? வாழைச்சேனைக்குப் போன ஒரு கோப்பு கருவாட்டு மணத்தோடு திரும்பி வந்தது. இன்னொன்றை எங்கள் காவலாளி தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ஒரு காணியில் ஐந்து தென்னை என்று இருந்த இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பூச்சியத்தைச் சேர்த்து, ஒரே இரவில் தோப்பு ஆக்கிவிட்டான். பெரிய கிளாக்கர் பதறிப்போய், "எல்லாத்தையும் பூட்டுங்க! ஆருக்கும் ஒண்டும் இல்ல!" என்று கத்தினார். நூல்கட்டியார் அதையும் அப்படியே செய்தார். அடுத்த நாள் பெரிய கிளாக்கருக்குத் தன்னுடைய லீவுக் கோப்பே தேவைப்பட்டது. "ஆருக்கும் இல்லையெண்டுதானே ஐயா சொன்னீங்க" என்றார் இவர், மிகுந்த மரியாதையோடு.

"அப்ப என்னதான் செய்யிற?" என்று அவர் அழாக்குறையாகக் கேட்டார்.

"முழுக்கத் திறந்தாலும் கரைச்சல், முழுக்கப் பூட்டினாலும் கரைச்சல். ஆருக்கு எவ்வளவெண்டு ஒவ்வொண்டாப் பார்த்துத்தான் கட்ட வேணும்."

அந்தக் கிழமை முழுவதும் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கட்டினோம். பெரிய கிளாக்கர் சூடு கண்ட பூனையாகி, தகராறில் இருக்கும் காணிக் கோப்பு எதுவும் கோப்பறை வாசலைத் தாண்டக்கூடாது, தாண்டுவதென்றால் தன் கையொப்பம் வேண்டும் என்று உத்தரவும் எழுதிவிட்டு, லீவில் கொழும்புக்கு ரயிலேறினார்.

அவர் போன பிறகுதான் பாக்கியத்தின் விசாரணை வந்தது.

பாக்கியம் பனிச்சங்கேணிப் பெண். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு அவன் பெயரில் கொடுத்திருந்த பேமிட் காணியை அவள்தான் விதைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வயல் வட்டை முழுவதையும் வைத்திருந்த பெரிய நிலக்காரர், ஒரு போடியார், அந்தப் பூமி பயிரில்லாமல் பாழாய்க் கிடக்கிறது, தனக்குத் தரவேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து மேல்மாடியில் விசாரித்துவிட்டு மத்தியானமே திரும்பிவிடுவார். போடியாருக்கு வழக்குப் பேசப் புறொக்டர் இருந்தார். பாக்கியத்துக்கு இருந்ததெல்லாம் அந்தக் கோப்புத்தான். அவள் பயிர் செய்வதை வெளிக்கள உத்தியோகத்தர் நேரில் பார்த்து எழுதிய குறிப்பு அதில் இருந்தது.

காலையிலேயே மேலேயிருந்து பியோன் வந்தார். "அந்தப் பைலை ஐயா கேட்கிறார்."

"பார்க்கலாம். கொண்டுபோக ஏலா," என்றார் நூல்கட்டியார்.

வாசலில் நின்ற பாக்கியத்தின் முகம் வெளிறிவிட்டது. "ஐயா, அது மேல போகாட்டி எண்ட காணி போயிரும். எண்ட புள்ளையளுக்கு வேற ஒண்டும் இல்ல ஐயா."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இண்டைக்கு மட்டும் விடுங்க அண்ணன். ஒரு ஏழைப் பொம்புளையிட வயித்தில அடிக்கிறதா?" என்றேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. "மனே, அந்த வாங்கை இஞ்சால இழுங்க. நாலு கதிரை தூசி தட்டுங்க" என்றார். கூஜாவில் தண்ணீர் எடுத்து வைத்துக் கிளாஸைக் கவிழ்த்தார். இந்த மனிதனுக்கு இரக்கமே இல்லையென்று முடிவு கட்டிக்கொண்டுதான் நான் அந்த நீட்டு வாங்குப் பலகையை இழுத்தேன்.

பியோன் போய்ச் சொன்னதும் படிகள் அதிர அதிகாரியே இறங்கி வந்தார். பின்னால் போடியார், புறொக்டர் எல்லாரும்.

"எனக்குப் பைல் இல்லையெண்டு சொன்னது ஆர்?"

"இல்லையெண்டு ஆர் ஐயா சொன்னது? தாராளமாப் பாருங்க. இந்தா இருக்கு." கோப்பை மேசையில் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டார். "பைல் வாசலைத் தாண்டக்கூடாதெண்டு உத்தரவு. ஐயா தாண்டக்கூடாதெண்டு ஒரு உத்தரவும் இல்ல."

அதிகாரி கதவில் ஒட்டியிருந்த உத்தரவைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். தண்ணீர்க் கிளாஸைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். "சரி, இஞ்சயே விசாரிப்பம்."

அலுமாரிகளுக்கு நடுவே விசாரணை நடந்தது. புறொக்டருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது போலும். "கனம் ஐயா அவர்களே, இந்தக் காணியானது..." என்று தொடங்குவார், பாழாய்க் கிடக்கிறது என்று சொல்ல வரும் இடத்தில் தும்மல் வந்துவிடும். மூன்றாம் முறை போடியாரே, "நீங்க இருங்க, நான் சொல்றன்" என்று எழும்பினார், அவருக்கும் தும்மல். அதிகாரி கோப்பை எழுத்தெழுத்தாக வாசித்தார். போன மாரியில் என்ன விதைத்தாய் என்று பாக்கியத்திடம் கேட்டார். அவள் சொன்னதும் குறிப்பில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. காணி அவளுக்கே என்று அந்த மேசையிலேயே எழுதினார். எழுதுவதற்கு முன் பச்சை நூல் இருக்கிறதா என்று நூல்கட்டியார் எட்டிப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

எல்லாரும் போனபின் கேட்டேன். "கையில குடுத்திருந்தா என்ன அண்ணன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "போடியாரிட ஆக்கள் காலையில இருந்து படியில நிண்டவனுகள். மேல போற வழியில அந்தக் குறிப்பு எழுதின ஒத்தைத் தாளுக்குக் கால் முளைச்சிரும் மனே."

அந்த வாங்கை முணுமுணுத்துக்கொண்டே இழுத்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்த வேளாண்மை வெட்டு முடிந்ததும் பாக்கியம் ஒரு பெரிய சட்டி எருமைத் தயிரோடு வந்தாள். நூல்கட்டியார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் புள்ள. கந்தோரில வேலை செய்யிறவன் ஒண்டும் வாங்கி வீட்ட கொண்டுபோகக் கூடாது."

பாக்கியம் சட்டியை மேசையில் வைத்தாள். "கொண்டுபோக வேணாம் ஐயா. இஞ்சயே இருந்து தின்னுங்க."

பின்னால் கட்டியிருந்த கைகளை நூல்கட்டியார் அவிழ்த்தார். பிறகு மெதுவாகக் கிளாஸைக் கழுவி வந்தார். காவலாளி, பியோன், பெரிய கிளாக்கர் என்று கந்தோர் முழுவதும் கோப்பறைக்குள் கூடி அந்தத் தயிரை வழித்துத் தின்றது. அன்றைக்கு அடித்தட்டு மீனையும் எங்களுக்குத் திறந்துவிட்டார்.

கொஞ்சக் காலத்தில் எனக்கு மாற்றம் வந்து ஊர் ஊராகப் போய்விட்டேன். இப்படி உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடம் கேட்டிருந்தால், "பாருங்க மனே, கொண்டுபோக மட்டும் ஏலா" என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அந்தக் கோப்பறையிலிருந்து அவரைக் கொண்டுவந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க மனமும் இல்லை.