ஆள் வந்தால் மட்டும் ஹீட்டர்

வயிற்றில் சுடுதண்ணியைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்து அரசாங்கத்தோடு போர் நடத்திய ஒரே மனிதர் எங்கள் சுடுதண்ணி அண்ணைதான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்ல நான் தயார்.

கிழக்கு லண்டனில் ஒரு பழைய கட்டிடம். கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார், மேல்வீட்டில் நான். தெருவின் பெயரையும் கவுன்சிலின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொல்லத் தொடங்கினால் நான் கெட்ட வார்த்தைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன், ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அண்ணையின் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. றப்பர் சுடுதண்ணிப் பையை ஒரு பழைய சாரத்துண்டால் வயிற்றோடு இறுக்கிக் கட்டி, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஒரு கோட்டு. ஐப்பசியில் கட்டினால் சித்திரையில்தான் அவிழ்ப்பார் என்று சனம் சொல்லும். நடக்கும்போது களக் களக் என்று சத்தம் வரும். ஞாயிறு பூசையில் எல்லோரும் முழங்காலில் இருந்து மௌனமாகச் செபிக்கும் நேரம் பார்த்து அந்த வயிறு ஒரு தரம் களக் என்னும். புதிதாக வந்தவர்கள் பாவம், மனுசனுக்கு வயிறு சரியில்லை என்று அவருக்காகவும் சேர்த்துச் செபிப்பார்கள்.

ஒருமுறை கலியாண மண்டபமொன்றின் வாசலில் நின்ற காவலாளி அவரைத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் வெளிறி இரண்டடி பின்னால் போனான். அண்ணை பதறவில்லை. கோட்டைத் திறந்து காட்டி, "வாட்டர். ஹாட் வாட்டர். கவர்ன்மென்ட் நோ ஹீட்டிங்," என்றார். அந்தக் காவலாளி ஆபிரிக்காக்காரன். தன் தாய்க்கும் ஒன்று வாங்க வேண்டும், எந்தக் கடை என்று விசாரித்தான். தாலி கட்டும்வரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நின்று அரசாங்கத்தைத் திட்டினார்கள்.

திட்டாமல் என்ன செய்வது? இந்த மனுசன் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் பெற்றோல் ஷெட்டிலும் கார்ப் பார்க்கிலும் மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் வேலை செய்தவர். வரி ஒழுங்காகக் கட்டினவர். கடைசியில் கையில் இருந்தது அரசாங்கப் பென்ஷனும், அது காணாது என்று அதன்மேல் போட்டுக் கொடுக்கும் சின்னப் பெனிபிட்டும். வீடோ காற்றுக்குக் கட்டின வீடு. ஜன்னலைச் சாத்தினாலும் திரைச்சீலை ஆடும். கட்டில் பக்கத்துச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஹீட்டரைப் போட்டால் காஸ் ஓடும், சூடு ஜன்னலால் வெளியே போய்த் தெருவைச் சூடாக்கும். அதனால் அவர் ஹீட்டரைப் போடுவதில்லை.

ஏழைகள் வீடு சூடாக்க அரசாங்கம் உதவி செய்யாமல் இல்லை. செய்கிறது. அது எப்படிச் செய்கிறது என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. கடுங்குளிர்க் காசு என்று ஒன்று உண்டு. ஏழு நாள் தொடர்ந்து உறைகுளிர் இருந்தால்தான் அது வரும். அந்தக் குளிரும் உங்கள் வீட்டில் இருந்தால் போதாது, எங்கோ இருக்கும் வானிலை நிலையத்துத் தெர்மாமீட்டருக்குக் குளிர வேண்டும். அது விமான நிலையப் பக்கம் இருக்கிறது என்று யாரோ அண்ணையிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

"தங்கச்சி, பிளேன் புகை விடுற இடத்திலை தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வைச்சா அதுக்கு எப்பிடிக் குளிரும்? என்ரை குசினிக்குள்ளை கொண்டந்து வைக்கச் சொல்லு. ஒரு நாளிலை வெடிச்சுப் போம்."

அந்த வருடத் தைமாதம் ஆறு நாள் வானம் இரும்பாய்க் கிடந்தது. அண்ணை ஒவ்வொரு காலையும் ஜன்னலில் உறைபனி பார்த்து மகிழ்ந்தார். நடுங்கிக்கொண்டே மகிழ்ந்தார். ஏழாம் நாள் காலையில் சூரியன் வந்துவிட்டது. நான் வேலைக்கு இறங்கி வருகிறேன், அண்ணை வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக் கையை நீட்டி ஏசிக்கொண்டிருந்தார். "நாசமாப் போவானே, இன்னும் ஒரு நாள் பொறுக்க ஏலாதோ உனக்கு? கவர்ன்மென்ட் ஆளோ நீ?" இலங்கையில் பிறந்த ஒரு தமிழன் லண்டனில் நின்று சூரியனை ஏசிய வேறு சம்பவம் எனக்குத் தெரியாது.

குளிருக்கு என்ன செய்யலாம் என்று ஒரு துண்டுப்பிரசுரமும் வீடு வீடாகப் போட்டார்கள். சூடான பானம் குடியுங்கள், எழுந்து நடமாடுங்கள், ஆடைமேல் ஆடை அணியுங்கள். இதை எழுதினவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுதியிருப்பார். அண்ணை அதைச் சிரமேற்கொண்டு நடமாடினார். முதியோர் பாஸில் பஸ் இலவசம், பஸ்ஸில் ஹீட்டரும் உண்டு. காலையில் வால்தம்ஸ்டோவில் ஏறி பஸ் போய் முடியும் அந்தத் தொங்கலுக்குப் போய், இறங்காமல் இந்தத் தொங்கலுக்கு வருவார். என்ஜினுக்கு மேலே இருக்கும் பின்சீட் அவருடையது. வேறு யாரும் இருந்தால் பக்கத்தில் நின்று இருமுவார்.

குளிர்கிறவர்கள் வந்து இருக்கலாம் என்று நூலகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி விட்டிருந்தார்கள். அங்கேயும் போனார். கேத்திலில் தண்ணி கொதிக்க வைத்து, எல்லோரும் பார்த்திருக்கச் சட்டையைத் தூக்கிப் பையை அவிழ்த்து நிரப்பினார். தேத்தண்ணி போடத்தான் கேத்தில், வயிற்றுக்கு இல்லை என்றார்கள். அண்ணைக்குக் கோபம் வந்தது. "தேத்தண்ணியும் வயித்துக்குத்தானே போகுது," என்று சொல்லிவிட்டு வந்தவர் திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தப் பஸ் கதையையும் நூலகக் கதையையும் நான் பிறகு ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். குசினிக்குள் தெர்மாமீட்டர் வெடிக்கும் என்று அவர் சொன்னதை அதற்கு முன்னர் பகிடி என்றுதான் நினைத்திருந்தேன். ஏனென்றால் நான் எப்போது போனாலும் அந்த வீடு கதகதவென்று இருக்கும். கதவைத் தட்டினால் உள்ளிருந்து "பொறு, வாறன்," என்று சத்தம் வரும். பிறகு கதவு திறக்க ஒரு யுகம் ஆகும். வயசான மனுசன், மூட்டுவலி என்று நினைப்பேன்.

விஷயம் வேறு. எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும், மறைக்காதீர்கள். ஆள் வந்தால் ஹீட்டர் போடுவது. ஊரில் ஆள் வந்தால் பாய் விரிப்பது போல, இங்கே ஆள் வந்தால் ஹீட்டர். மற்ற நேரம் குடும்பமே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். மணி அடித்ததும் ஒருவர் ஓடிப்போய் ஹீட்டரைத் திருகுவார், இன்னொருவர் போர்வைகளை ஒளிப்பார். வந்தவர் படியிறங்கிய அடுத்த நொடி அணைப்பார்கள். அண்ணை இந்த வழக்கத்தைத் தனி ஆளாக, மூட்டுவலியோடு நடத்தி வந்தார்.

உண்மை தெரிந்ததும் எனக்கு ஆத்திரம். கவுன்சிலில் ஒரு திட்டம் இருந்தது. குளிர் வீடுகளுக்கு ஜன்னல் இடுக்குகளை அடைத்துக் கொடுப்பார்கள், பழைய பொயிலரை மாற்றுவார்கள், குளிர்காலம் முடியும்வரை காஸுக்கும் உதவி. ஆனால் ஆள் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். நான் தொலைபேசியில் தொங்கி, காத்திருக்கச் சொல்லிப் போடும் வயலினைக் கேட்டு, திரும்பத் திரும்ப அவருடைய வயசைச் சொல்லி ஒரு நாள் வாங்கினேன்.

கவுன்சிலில் இருந்து ஒரு அம்மணி வந்தார். என்னளவு வயசு, களைத்த முகம், கையில் சூடு பார்க்கும் சின்னக் கருவி. அண்ணை கதவைத் திறந்தார். நான் திகைத்துப் போனேன். வேட்டி, வெள்ளைச் சேர்ட், சவரம் செய்த முகம். கோட்டும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை, வயிறு தட்டையாக இருந்தது. வீட்டுக்குள் பங்குனி வெயில். அம்மணி முதலில் கோட்டைக் கழற்றினார். பிறகு மப்ளரைக் கழற்றினார். பிறகு கொஞ்சம் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டார். கருவி கீச்சென்றது. வீடு போதிய சூட்டில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அண்ணை கொடுத்த வடை நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மணி படியிறங்கியதும் அண்ணை ஹீட்டரை அணைத்தார். நான் வெடித்தேன்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? குளிருதெண்டு காட்டத்தானே அந்த மனிசியைக் கூப்பிட்டது?"

"வீட்டுக்கு வந்த மனிசரை நடுங்க விடச் சொல்லுறியோ?"

"அவ விருந்துக்கு வரேல்லை. உத்தியோகத்துக்கு வந்தவ."

"கதவைத் தட்டித்தானே வந்தவ. தட்டி வந்தா ஆள்தான்."

"அப்ப உதவி?"

அவர் ஸ்வெட்டரைத் தலையால் போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் காஸுக்கு உதவி கேட்டனான். என்ரை வீட்டை வந்து பார், நான் எவ்வளவு கேவலமா இருக்கிறன் எண்டு காட்டுறன் எண்டு கேக்கேல்லை."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் திசைமாறியது. நாற்பது வருடம் வேலை செய்த ஒரு மனுசன் தன் குளிரைப் பூட்டி வைத்திருந்து, அதிகாரி வரும்போது திறந்து காட்ட வேண்டுமாம். பணக்காரனுக்கு வரிச்சலுகை கொடுக்கும்போது யாராவது வீட்டுக்குப் போய், நீர் உண்மையில் பணக்காரன்தானா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்களா? ஏழைக்கு மட்டும்தான் இந்த மானங்கெட்ட பரீட்சை. அதில் எங்கள் அண்ணை மரியாதை காரணமாகத் தோற்றுப்போனார். அன்று எரித்த காஸுக்குத் தண்டனையாக அடுத்த கிழமை முழுவதும் அவர் பஸ்ஸின் பின்சீட்டில்தான் வாழ்ந்தார். சளி பிடித்து, மாசி வரும்போது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. டொக்டர் மாத்திரை கொடுத்து, சூடான வீட்டில் இருங்கள் என்றார். டொக்டருக்கும் அந்தத் துண்டுப்பிரசுரம் கிடைத்திருக்கும்.

திரும்பவும் தொலைபேசி, திரும்பவும் வயலின். கெஞ்சியும் கொஞ்சம் கத்தியும் இரண்டாம் தரம் வரச் செய்தேன். இந்த முறை அண்ணையை நம்பவில்லை. அன்று காலையில் கீழே போய்ச் சுகம் விசாரித்தபடியே, சுவரில் இருந்த ஹீட்டர்க் குமிழைக் கழற்றி என் ஹாண்ட்பாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மணி வந்ததும் நானும் இறங்கினேன். கதவு திறக்க வழக்கத்தைவிட நேரம் ஆனது. உள்ளே, குமிழ் போன இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த முளையைப் பாக்குவெட்டியால் பிடித்துத் திருகிப் பார்த்திருக்கிறார். அது வழுக்கி, கைவிரலைக் காயப்படுத்தி, சுவரிலும் இரண்டு இடம் பெயர்ந்திருந்தது. என்னைப் பார்த்த பார்வையில், கையில் இருந்த பாக்குவெட்டி எனக்கென்றே நினைத்தேன்.

பேசினால் வாயில் இருந்து புகை வந்தது. அம்மணி கோட்டைக் கழற்றவில்லை. கருவியை நீட்டினார், அது கீச்சென்றதும் எண்ணைப் பார்த்துத் திரும்பவும் நீட்டினார். கதிரையில் இருந்த அம்மணிக்கு லேசாகப் பல் அடித்துக்கொண்டது. அதை அண்ணை பார்த்துவிட்டார். எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, சாரத்துண்டை அவிழ்த்தார். அந்தப் பையை ஒரு சுத்தமான துவாயில் சுற்றிக் கொண்டுவந்து அம்மணியின் மடியில் வைத்தார்.

"மாடம், ஹாட். யூ கீப்."

அம்மணி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். பை போனதும் அண்ணைக்கு உடம்பு உதறத் தொடங்கிவிட்டது. கையைக் கக்கத்துக்குள் வைத்து மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அம்மணி என்னிடம் திரும்பி, போன முறை தனக்காகத்தான் ஹீட்டர் போட்டிருந்தாரா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் கேட்டேன்.

"இல்லையெண்டு சொல்லு," என்றார் அண்ணை. "அண்டைக்கு நல்ல வெயில் எண்டு சொல்லு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்மணிக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் எழுதத் தொடங்கினார், நெடுநேரம் எழுதினார்.

ஜன்னல் அடைத்தார்கள். புதுப் பொயிலர் வந்தது. காஸுக்கும் உதவி வந்தது, அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும். அடுத்த குளிர்காலம் திரும்பவும் விண்ணப்பித்து, திரும்பவும் ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டுமாம். இந்தத் தீவில் இருந்துகொண்டு, குளிர் வருடாவருடம் வரும் என்று தெரியாத ஒரே ஆள் அரசாங்கம்தான்.

என்னோடு அண்ணை ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு படியில் மறித்துச் சொன்னார்: "நீ குமிழ் களவெடுத்ததை மன்னிச்சிட்டன். அந்த மனிசி என்ரை வீட்டிலை இருந்து நடுங்கினதை மன்னிக்க மாட்டன்." குமிழைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போதும் நான் கீழே போவதுண்டு. அவருடைய காஸை மிச்சம் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். தட்டுவதற்கு முன்னரே வெளியில் நின்று, "அண்ணை, ஆளில்லை, நான்தான்," என்று சத்தமாகச் சொல்வேன்.

"ஓம், ஓம், தெரியும். பொறு, வாறன்."

நான் பொறுப்பேன். மூட்டுவலியோடு அவர் மெல்ல நடந்துபோவது கேட்கும். பிறகு சுவரில் குமிழ் திரும்பி, டிக் என்று ஒரு சத்தம் வரும்.