பதினெட்டாவது வளைவில் நடந்த அநியாயம்

அன்புள்ள மச்சான் ஓரியானோவுக்கு,

நெவியோ எழுதுவது. இங்கே நான் நலம், அடுப்பு நலம், உன் மருமகன் லியர்க்கோவின் இடது மணிக்கட்டு மட்டும் சுமார். அங்கே நீயும், உன் பாரும், பாருக்குள் நம் பையன் பெயரில் நடக்கும் ரசிகர் மன்றமும் சௌக்கியமாக இருக்க நம் ஊர்ப் புனிதர் சான் ஜூலியானோவை வேண்டிக்கொள்கிறேன். மணிக்கட்டு விஷயத்தை உன் தங்கையிடம் சொல்லாதே. கேட்டால் ஃபோன் சரியாக எடுக்கவில்லை என்று சொல்.

போர்ச்சுகலின் இந்தத் தென்கோடிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு காரியமும் உருப்படவில்லை. சர்க்யூட்டா இது? மலையைச் சுற்றித் தார் ஊற்றி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேடேறினால் எதிரே வானம் மட்டும்தான் தெரிகிறது, வளைவு வலப்பக்கமா இடப்பக்கமா என்பது இறங்கும்போதுதான் தெரியும். நம் ஊர் மிசானோ சர்க்யூட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற பையன் இங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் திணறுகிறான். அதோடு காற்று. நேற்று அணிக்கு நான் சமைக்கும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் பக்கத்து பெல்ஜியக்காரர்களின் கேரேஜில் போட்டுவிட்டது, அவர்கள் அதற்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டுக் கேட்டு வாங்கி வந்தேன்.

விஷயம் உனக்குத் தெரியும். பைக் ரேஸ் அணி முதலாளி ஸாட்டோனியிடம் இந்த சீசனுக்கு ஒரே ஒரு சீட்தான் இருக்கிறது, அதற்கு இரண்டு பேரை வரவழைத்திருக்கிறார். ஒருவன் நம் லியர்க்கோ. இன்னொருவன் கேலம் என்ற அயர்லாந்துப் பையன். தாலியத்தெல்லே பாஸ்தா மேல் தக்காளி கெச்சப்பை ஊற்றிச் சாப்பிடுகிறான், மச்சான். என் கையால் உருட்டிப் போட்ட தாலியத்தெல்லே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து வீடியோ கேமில் இதே சர்க்யூட்டை ஓட்டிப் பழகினானாம், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறான்.

நம் பையன் அப்படிக் குறுக்கு வழியில் படிக்கவில்லை. நான் வரைந்த சர்க்யூட் படத்தைப் பார்த்துப் படித்தான். சர்க்யூட் அலுவலகத்தில் கொடுத்த படம் கைக்குட்டை அளவுதான் இருந்தது. நான் நகராட்சியில் முப்பது வருஷம் வீட்டு எண் எழுதியவன் என்று ஸாட்டோனிக்குத் தெரியும். சுவர் அகலத்துக்கு வரையச் சொன்னார். வரைந்தேன். வந்தவர் போனவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். வளைவுகளுக்கு எண் போட்டுக்கொண்டே வந்தேன், பதினாறு முடிந்து அடுத்தது எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற இடத்தில், சாவைக் கூப்பிடும் எண் என்று நம் நாடே ஒதுக்கும் அந்தச் சனியனை என் கையால் எழுதுவேனா? நம் தெருவில் ஒற்றைப்படை எண் வரிசையில் பதினைந்தாம் எண்ணுக்கு அடுத்த வீடு பத்தொன்பது, அது என் வேலைதான், அந்த வீட்டில் இன்றுவரை ஒருவருக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை. இங்கேயும் அதையே செய்தேன். பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது என்று போட்டு முடித்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை, நல்லதை விளம்பரம் செய்வானேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் விதி என்ஜினியர் உருவத்தில் வந்தது. உல்ரிக்கே என்று ஓர் ஆஸ்திரியாக்காரி. நம் பாஷையைக் கல்லூரியில் படித்தாளாம், பேசினால் பாடப்புத்தகம் வாய் திறந்த மாதிரி இருக்கும். பையன் முதல் ஓட்டம் முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"பதினெட்டுல முன்சக்கரம் நழுவுது. பிரேக் பிடிச்சாலே போயிடுது."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "பதினெட்டில் நீ பிரேக் பிடிக்கவே இல்லை, லியர்க்கோ."

"பிடிச்சேங்க."

"பிடிக்கவில்லை. முழு வேகத்தில் போகிறாய். மிக நன்றாகப் போகிறாய்."

"நல்லாவா? ரெண்டு தடவை விழப் பாத்தேன்."

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை."

என் பிள்ளை விழப் பார்த்ததைக் கம்ப்யூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் வெங்காயத்தைக் கருக விட்டுவிட்டேன். அந்த அயர்லாந்துப் பையன் வந்து, "பதினேழு மோசமா இருக்கு, முன்பக்கம் நிக்க மாட்டேங்குது" என்றான். தோஷம் போக இரும்பைத் தொட வேண்டுமே என்று நான் பக்கத்தில் கிடந்த ஸ்பானரைத் தொட்டுக்கொண்டேன். அந்த எண்ணை வாயில் எடுத்தவனுக்கு வழுக்காமல் வேறென்ன செய்யும்? ஆனால் அவன் சொன்னதும் அம்மணி குதித்துக்கொண்டு போய் அவனுடைய பைக்கின் முன்பக்கத்தைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தாள். மதியமே அவன் வேகம் ஏறிவிட்டது. நம் பையனுக்கு மட்டும், "சரி, நீ கேட்டதால் பதினெட்டுக்கு ஏதோ மாற்றியிருக்கிறேன்" என்று வேண்டா வெறுப்பாக எதையோ திருகினாள். இன்று காலை அதே பதினெட்டில் போய் விழுந்தான். மணிக்கட்டு வீங்கிப்போய் வந்து நிற்கிறான், ஸாட்டோனி என்ன சொன்னார் தெரியுமா?

"பையனுக்குப் பயம் வந்துருச்சு, நெவியோ. நடக்காததை நடந்த மாதிரி சொல்றான். நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். அப்புறம் அயர்லாந்துக்காரனுக்குத்தான்."

பயமாம். ஆறு வயதில் என் தையல் மெஷின் மோட்டாரைச் சைக்கிளில் கட்டி ஓட்டியவனுக்கு. லியர்க்கோ என் படத்துக்கு முன்னால் போய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, எனக்கே சந்தேகமா இருக்கு. நான் பிரேக் பிடிக்கலையோ?" என்றான். விழுந்தது பெரிதில்லை, தன் கையையே நம்பாமல் போய்விட்டானே.

ஆகவே நீ உடனே மன்றத்தைக் கூட்டு. குடித்தவன் குடிக்காதவன் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. அந்த என்ஜினியருக்கு ஒரு வளைவுக்கும் இன்னொரு வளைவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவளைத் துரத்த வேண்டும் என்று ஸாட்டோனிக்கு எழுதி அனுப்பு. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகட்டும். அயர்லாந்துப் பையன் வேவு பார்க்கத்தான் என் கூடாரத்துக்குச் சாப்பிட வருகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்.

உன் வீட்டாருக்கும், தங்கைக்கும், மன்றத்து அங்கத்தினர் அனைவருக்கும் என் அன்பு. கடவுள் உங்கள் எல்லார் சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
நீதி கேட்கும் உன் அத்தான்,
நெவியோ

பின்குறிப்பு: நேற்று எழுதியதைத் தபாலில் போட மறந்து பையிலேயே வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதில் அடுப்பு நலம் என்பதைத் தவிர எதையும் நம்பாதே. மன்றத்தைக் கூட்டாதே. இன்று காலை அந்த அயர்லாந்துப் பையன் தட்டோடு வந்து என் படத்துக்கு எதிரே நின்றபடி சாப்பிட்டான்.

"இதுல பதினேழு எங்க?"

"எடுத்துட்டேன், தம்பி."

"எடுத்துட்டீங்களா? வளைவையா?"

எண்ணைத்தான் என்று விளக்கினேன். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சீட் அவனுக்குத்தான். அந்த வீடியோ கேம்காரன் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய் உல்ரிக்கேயை அழைத்து வந்தான். அவன் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் நினைத்து வெட்கமாக இருக்கிறது. அவள் படத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வளைவாக எண்ணினாள். கடைசி வளைவுக்கு வந்து அங்கே பத்தொன்பது என்றிருப்பதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதன்பின் லியர்க்கோவிடம் சொன்னாள்: "உன்னுடைய பதினெட்டுதான் எங்களுடைய பதினேழு. நீ சொன்னது சரி. இரண்டு நாளாக நீ சொன்னதுதான் சரி. மன்னித்துக்கொள்." பைக்கைச் சரிசெய்தார்கள். பையன் வீங்கிய மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு போய் எல்லாரையும்விட வேகமாக ஓட்டிவிட்டு வந்தான். சீட் அவனுக்கு. ஸாட்டோனி போட்ட ஒரே நிபந்தனை, நான் சமைக்க வரலாம், கையில் தூரிகையைப் பார்த்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்.

இந்த சீசனுக்கு பைக்கில் என்ன எண் என்று பையனைக் கேட்டேன். "பதினேழு. நானா கேட்டு வாங்கினேன்பா, யாரும் எடுக்காமக் கெடந்துச்சு" என்றான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே மன்றக் கொடியில் எண்ணை நீயே எழுதிவிடு, மச்சான். நான் எழுதினால் பதினெட்டாகிவிடும்.