மணிமங்கலத்து மைலேஜ்

ஸ்ரீபெரும்புதூர்,
வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை வைகுந்துக்கு ஸௌந்தரராஜன் அநேக ஆசீர்வாதம். எதிராஜர் கடாக்ஷத்தில் இங்கே நானும் உங்கள் மாமியார் பத்மாசினியும் க்ஷேமம், நீங்கள் விட்டுப்போன காரும் க்ஷேமம். பெட்ரோல்தான் க்ஷேமமாக இல்லை. ஜெர்மனிக் குளிரில் நீங்களும் ஜாஹ்னவியும் கதகதப்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காரை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய உண்மையான மைலேஜ் கேட்டிருந்தீர்கள். மறைப்பானேன்? ப்ளக்-இன் ஹைப்ரிட், இரவு முழுக்க சார்ஜ் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் பெட்ரோலையே தொடாது என்கிறது கம்பெனிப் புத்தகம். நானும் தவறாமல் வாசல் ப்ளக்கில் சொருகிவிட்டுத்தான் படுக்கிறேன், காலையில் எழுந்ததும் பிடுங்கிவிடுகிறேன். ஆனால் சனிக்கிழமை மணிமங்கலம் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினால், ஊர் எல்லை தாண்டுமுன்னே எஞ்சின் உறுமிவிடுகிறது, லிட்டருக்குப் பன்னிரண்டு தேறினால் அதிகம், சரி, பாரத்தைக் குறைப்போம் என்று டிக்கியில் ஜாஹ்னவி விட்டுப்போன புத்தக மூட்டையை இறக்கினேன், ஏசியை நிறுத்தினேன், பத்மாசினி "இப்படி வேர்த்துக் கொட்டறதுக்கு பஸ்லயே போயிருக்கலாம்" என்றாள், மெதுவாகப் போனால் மிச்சமாகும் என்று ஒரகடத்தில் ஊர்ந்தேனா, பின்னால் வந்த கம்பெனி பஸ் டிரைவர் தலையை நீட்டி, "இன்னா பெருசு, வண்டி ஓட்றியா, மேய்க்கிறியா? ஷிப்டுக்கு லேட்டாவுதுல்ல!" என்று கத்தினான். பத்மாசினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாச்சு!

நல்லதையும் சொல்லணும். தினம் சார்ஜ் போட்டும் கரண்ட் பில் கொஞ்சம்கூட ஏறலை. இவ்வளவு சாதுவான வண்டி எங்கே கிடைக்கும்? சனிக்கிழமை ஆனா உங்க மாமியார் எனக்கு முன்னாடி கிளம்பி கார்ல உக்காந்துடறா. மைலேஜைப் பார்த்து வித்துடாதீங்கோ, மாப்பிள்ளை. நாங்க சந்தோஷமா இருக்கோம்.

உங்கள் இருவருக்கும் உடையவர் என்றும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸௌந்தரராஜன்

பி.கு.: நேற்று இதை ஒட்டுமுன் பத்மாசினி வாங்கிப் படித்தாள். "வாசல் ஸ்விட்சா? அதைப் படுக்கப் போறச்சே நான்தானே அணைக்கறேன்! விடிஞ்சு கோலம் போடறச்சே மறுபடி போட்டுடுவேன். இல்லேன்னா யூனிட் ஏறி அடுத்த ஸ்லாபுக்குப் போயிடுமோன்னோ?" என்றாள். நேற்றிரவு மட்டும் தொடாமல் விட்டாள். இன்று ஏசி போட்டுக்கொண்டே மணிமங்கலம் போய் வந்தோம், ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. மேலே எழுதிய மைலேஜை அடித்துவிடுங்கள். "விக்க வேண்டாம்னு அழுத்தி எழுதுங்கோ, இனிமே நான் அந்த ஸ்விட்ச் பக்கமே போகலை" என்கிறாள். போகவில்லைதான். அதற்கு ஈடாகக் காலையிலிருந்து ஃப்ரிட்ஜை அணைத்து வைத்திருக்கிறாள். புளித்த மோர்தான் சாப்பிட்டேன், சந்தோஷமாகவே சாப்பிட்டேன்.