ஆய்வு நாளில் நான் நீட்டிய ரப்பர்

அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு பிள்ளை சரியாக எழுதியதை அழிக்கச் சொன்ன டீச்சர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்ந்து உட்கார்ந்து அழுவதற்கு ஆள் தேவைப்படுகிறது. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் தலைமையாசிரியர் மேல், அப்புறம் என் மேல். (நியாயப்படி வரிசை மாறியிருக்க வேண்டும்.)

ஒத்தக்கடையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தொடக்கப்பள்ளி. எனக்கு முதல் வேலை, மூன்றாம் வகுப்பு, இருபத்தெட்டுப் பிள்ளைகள். விளாங்குடி வீட்டிலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பள்ளிக்குள் நுழையும்போதே பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதியைத் தலைமையாசிரியர் ஏற்றிவிடுவார்.

நான் எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பிவைத்துப் பிள்ளைகளையே சொல் கட்டவைப்பேன். காதால் கேள், வாயால் சொல்லிப் பார், அட்டையை எடுத்து வை. மெதுவாகத்தான் நடக்கும். கடைசி வரிசை முத்துமாரிக்கு இன்னும் மெதுவாக நடந்தது. அவளுடைய அப்பா அம்மா நடவு, களையெடுப்பு என்று வேலை கிடைக்கிற ஊருக்கெல்லாம் போகிறவர்கள். இரண்டாம் வகுப்பில் பாதி நாள் அவள் பள்ளிக்கே வரவில்லை. ஆனால் அட்டையைக் கண்டால் விடமாட்டாள். பெல் அடித்த பிறகும் உதட்டை அசைத்துக்கொண்டே அடுக்கிக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. தலைமையாசிரியர் பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி என் கையில் திணித்தார். பம்பரத்தில் ஆரம்பித்து வெள்ளரிக்காயில் முடியும். இதையே போட்டு உருவேற்றுங்கள், அட்டையெல்லாம் பீரோவுக்குள் போகட்டும் என்றார். இதே தாளை அலுவலரிடமும் கொடுத்துவிடுவாராம், அவரும் இதையே வாசிப்பாராம்.

"அந்த முத்துமாரி மட்டும் அன்னைக்கு எழுதலைன்னா, மறுநாள்லருந்து ஒண்ணாப்புல உக்காரட்டும் டீச்சர். நமக்கு எதுக்குத் தலைவலி" என்றார்.

ஒன்றாம் வகுப்பில் அவளுடைய தங்கச்சி படித்தாள். எட்டு வயசுப் பிள்ளையைத் தங்கச்சி பக்கத்தில் உட்காரவைத்தால், அடுத்த வாரமே பள்ளிக்கூடமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அம்மா பின்னாலேயே வயலுக்குப் போய்விடும். நீரெல்லாம் ஒரு வாத்தியாரா என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். "சரி சார்" என்றேன். வீட்டுக்கு வந்து அதை என் கணவரிடம் கேட்டேன். பாவம், அவர் அரிசி வியாபாரம் பார்க்கிறவர்.

மூன்று வாரம் அந்தப் பத்துச் சொற்களை அரைத்தேன். இரண்டாவது வாரத்தில் நான் சொல்லவே தேவையில்லை. "ஆரம்பிங்க" என்றால் போதும், பம்பரத்திலிருந்து வெள்ளரிக்காய் வரைக்கும் இருபத்தேழு கைகள் தானாக ஓடும். எனக்கு அதில் பெருமை வேறு. முத்துமாரி மட்டும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்ப்பாள். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையாம், எப்படி எழுதுவதாம். கழுதை, உனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன் என்று கத்தினேன்.

ஆய்வு நாளன்று அலுவலர் வந்தார். டீயும் வடையும் அந்தத் தாளும் அவருக்குக் கொடுக்கப்பட்டன. மனிதர் வடையைச் சாப்பிட்டார், தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வகுப்புக்கு வந்து வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, முதல் சொல்லைச் சொன்னார். நான் கடைசி வரிசையில் முத்துமாரியின் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்பாடு பட்டாவது அவளை எழுதவைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

எட்டிப் பார்த்தேன். 'செருப்பு' என்று எழுதியிருந்தாள்.

பக்கத்துப் பிள்ளை நோட்டில் பம்பரம். முன் வரிசையிலும் பம்பரம். இருபத்தேழு பம்பரத்துக்கு நடுவில் இவள் ஒருத்தி மட்டும் செருப்பு. குனிந்து ரப்பரை நீட்டி, அழி, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுது என்று காதோரம் சொன்னேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். தொடையில் லேசாகக் கிள்ளினேன். (லேசாகத்தான். அவள் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.)

முத்துமாரி எழுந்து நின்றாள்.

"சார், நான் எழுதுனத டீச்சர் அழிக்கச் சொல்றாங்க."

அலுவலர் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்து நோட்டைப் பார்த்தார். அப்புறம் வரிசையாக எல்லா நோட்டையும் பார்த்தார். "நான் என்ன சொன்னேன் பாப்பா?" என்று கேட்டார். செருப்பு என்றுதானே சொன்னீங்க என்றாள். வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்துத்தான் மனிதர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் பம்பரம் பம்பரம் என்று கத்திய என் காதுக்கு, அவர் சொன்னது ஏறவே இல்லை.

மேற்கொண்டு ஒன்பது சொற்கள் சொன்னார். பத்தில் ஏழு முத்துமாரிக்குச் சரி. மற்றவர்கள் வெள்ளரிக்காய் வரைக்கும் போய் நின்றுவிட்டார்கள். பார்வையாளர் பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: "மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவி எழுதுகிறார், ஆசிரியர் தடுக்கிறார்."

தலைமையாசிரியர் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். அன்றைக்குத்தான் எனக்கும் வாய் திறந்தது. மூன்று வாரத்துக் கோபத்தையும் கொட்டித் தீர்த்தேன். முத்துமாரி எங்கேயும் போகமாட்டாள், என் வகுப்பில்தான் இருப்பாள் என்று சொல்லிவிட்டுப் பீரோச் சாவியைக் கேட்டேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

முத்துமாரி இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். நாலு தோழிகளோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், நான் சொல்லுவேன்ல, சரியா எழுதுனத அழிக்கச் சொல்லிக் கிள்ளுனாங்கன்னு. இவங்கதான் அந்த டீச்சர்."

நாலு பேரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். நான் பஸ் வருகிற திசையை எட்டிப் பார்த்தேன். இருபது நிமிஷமாக பஸ்ஸும் வரவில்லை.