நாலரை மணிக்கு நோன்பு திறக்க வைத்த கதை

'தெரியாது' என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தாறு வயது ஆனது. அதற்குள் ஒரு நல்ல மனுஷியின் நோன்பைக் கெடுத்திருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. வெளிநாட்டு டிவி சேனல்களுக்கு நிகழ்ச்சி அட்டவணையும் கதைச்சுருக்கமும் தயாரித்துக் கொடுப்பார்கள். இந்தோனேசியத் தனியார் சேனல் ஒன்றின் வேலை புதிதாக வந்ததால் ஆள் எடுத்தார்கள். 'இந்தோனேசிய மொழி நன்கு தெரியும்' என்று விண்ணப்பத்தில் கூசாமல் எழுதினேன். எனக்குத் தெரிந்தது 'தெரிமா காசி' மட்டும்தான். நன்றி என்று அர்த்தம். (ஆவடி குவார்ட்டர்ஸில் கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பழகியபோது, "இப்ப எதுக்குடி காசிக்கு?" என்றாள் அம்மா.) நேர்முகத் தேர்வில் யாருக்கும் அந்த மொழி தெரியாததால் தப்பித்தேன்.

சேர்ந்த நாலாம் நாள் சேனலிலிருந்து ரீனி மேடம் என்று ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் முன்னால் சேனலின் வரலாற்றை நான் எடுத்துச் சொல்ல வேண்டும். காலை மீட்டிங்கில் மேனேஜர் ஏதேதோ பேசிக்கொண்டிருக்க, நான் குனிந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அரசாங்கச் சேனல் ஒன்றே ஒன்று இருந்த காலத்தில், டிவியோடு இணைக்கும் தனிப் பெட்டி வாங்கினால்தான் தெரியும் என்று ஆரம்பித்த சேனல். பிறகு எல்லோருக்கும் இலவசமானது. முதலில் வெளிநாட்டு சீரியல்கள், அப்புறம் மாமியார் மருமகள் அழுகிற சொந்தச் சீரியல்கள், நடுவில் நம்மூர்ப் புராணத் தொடர்கள், பாட்டுப் போட்டிகள், ரம்ஜான் வந்தால், விடியுமுன் எழுந்து சாப்பிடும் சஹர் நேரத்துக்கென்றே காமெடி நிகழ்ச்சி. (மாமியார் பிரச்சினைக்கு மட்டும் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.)

அதுவும் ரம்ஜான் மாதம்தான். அலுவலக நிர்வாகத்தில் இருந்த ஜமீலா அக்காவுக்கு இருபத்தெட்டாவது நோன்பு. பூந்தமல்லியிலிருந்து வருவார். ஐம்பத்தைந்து வயது. முந்தைய வருஷம் ஆபரேஷன் ஆனதால் ஒரு நோன்புகூடப் பிடிக்க முடியவில்லை. "இந்த வருஷம் முப்பதும் பிடிச்சுடணும் பாப்பா. இன்னும் ரெண்டே ரெண்டு" என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

மதியத்துக்கு மேல் எங்கள் ஹாலில் விருந்தினருக்கு ஏற்பாடு செய்ய வந்தார். எங்கள் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. செல்போனை வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். பெரிய திரையில் அந்தச் சேனல் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. பூக்களை அடுக்கி, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, களைத்துப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திடீரென்று சீரியல் நின்று, திரையில் மசூதி வந்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஓடியது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு.

"அதுக்குள்ள ஆறாயிடுச்சா?" என்றார் அக்கா. "நோன்பு திறக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கணுமே. இது எந்த ஊர் பாங்கு? கண்ணாடி எடுத்து வரலே. கீழ என்னமோ போட்டிருக்கானே, என்ன பாப்பா அது?"

அந்த வரியில் எனக்குப் புரிந்தது ஜகார்த்தா என்ற ஒரே சொல். தெரியாது அக்கா என்று சொல்லியிருக்கலாம். நாலெழுத்துதான். ஆனால் நான் மொழி அறிந்தவள் ஆயிற்றே!

"பார்க்கிறவங்க ஊருக்குத் தகுந்த நேரத்துல போடுவாங்களாம் அக்கா. நோன்பு திறக்கலாம்னு எழுதியிருக்கு."

"நெசமாவா?"

"நெசமா."

விருந்தினருக்கு வைத்திருந்த தட்டிலிருந்து பேரீச்சம்பழத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அக்கா கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு வாயில் போட்டார். தண்ணீரும் குடித்தார்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு மேனேஜரும் ரீனி மேடமும் வந்தார்கள். மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "இங்கே மணி நாலரைதானே? நான் இன்னும் நோன்பில்தான் இருக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில், ரொம்ப மெதுவாக.

சுவர்க் கடிகாரத்தை அன்று காலைதான் ஜகார்த்தா நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். மீட்டிங்கில் மேனேஜர் சொன்னது அதைத்தான். திரையில் ஓடிய வரிக்கு அர்த்தம், 'ஜகார்த்தாவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும்'.

மீதிப் பழத்தை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு அக்கா வராந்தாவுக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் திட்டவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் காத்திருப்பேனே பாப்பா" என்றார். அவ்வளவுதான். வாயைக் கொப்பளித்துவிட்டு, மாலைவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வரலாறு சொல்ல எழுந்த நான், எனக்கு இந்த மொழி தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேலை போகவில்லை. அட்டவணையில் மணி நேரங்களைத் தட்டச்சு செய்யும் இடத்துக்கு மாற்றினார்கள். (எனக்கு மணியைக் கொடுத்த துணிச்சலை என்ன சொல்வது!)

பெருநாள் கழிந்து அந்த ஒரு நோன்பை அக்கா திரும்பப் பிடித்தார். நானும் கூடப் பிடிக்கிறேன் என்று பூந்தமல்லிக்குப் போனேன். பதினோரு மணிக்கே எனக்குக் கண் இருட்டியது. அக்காவின் கணவர் காதர் பாய் கூலர் ரிப்பேர் பார்ப்பவர். எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, உன் ஜகார்த்தால இன்னும் பாங்கு சொல்லலியா? கேட்டுகினு வா, துன்னுடலாம்" என்றார். வீடே சிரித்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புளுகுக்குப் பெயர் 'ஜகார்த்தா டைம்'. இட்லி வெந்துவிட்டது என்று மருமகள் சொன்னால்கூட, "நம்ம டைமா, ஜகார்த்தா டைமா?" என்பார் பாய். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கதையைச் சொல்கிறார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பது ஜமீலா அக்காதான்.

ஆனால் மசூதியில் பாங்கு சொன்னதும், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அக்கா வாயில் போடுகிறார். அதற்கு முன்னால் அந்தப் பழக்கம் அவருக்கு இருந்ததில்லையாம். பாய்தான் சொன்னார்.