மம்மட்டி சாமியின் பொதுச் சுவர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அடுத்தவரைப் பற்றிப் பேசினால்தான் மரியாதை. நாற்பத்து மூன்று வயதில், மூக்குக்கண்ணாடியும் முன்வழுக்கையுமாக இருக்கும் நான், ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டேன். எதற்கு? இந்த உலகத்தில் இல்லாத ஒரு கட்டிலில் போய்ப் படுப்பதற்கு. போய்ப் பார்த்தால் அந்தக் கட்டிலும் அங்கே இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் மம்மட்டி சாமி.

திருவனந்தபுரத்தில் மம்மட்டி சாமி அளவுக்கு மண் வெட்டிய மனிதர் இதுவரை பிறக்கவில்லை. விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டினவர்கள் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி நாளில் வேலை முடிந்திருக்கும். மலையைக் குடைந்தார், ஆற்றைத் திருப்பினார், காட்டைச் சீவி வயலாக்கினார். எல்லாம் கம்ப்யூட்டருக்குள். வெளியே, ஒரு துளசித் தொட்டியை வெயிலுக்கு நகர்த்த இரண்டு ஆளைக் கூப்பிடுவார்.

சாமி எங்கள் ஆபீஸில் ஸ்டோர் செக்‌ஷன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் எங்களுக்கே அது சரியாகத் தெரியாது. கிழக்கேகோட்டை பஸ் ஹாரன் ஃபைலுக்குள் கேட்கும் தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி. அங்கே ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், ஷைனி தன் போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். ஷைனி விழிஞ்ஞத்துக்காரி, டெஸ்பாட்ச் கிளார்க், வாய்க்குப் பூட்டு கிடையாது. சாமி தயிர்சாதத்தோடு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எந்தாக்கும் குட்டி, அந்த மரத்தைப் போட்டுக் கையால அடிக்கறே?"

"மரம் கிட்டத்தான் சாமீ. கையில ஒண்ணும் இல்லா. முதல்ல மரம், பின்னே கோடாலி, பின்னே வீடு. ராத்திரி ஆவதுக்குள்ள வீடு கெட்டலெங்கில் பூதம் வந்து கொல்லும்."

"பசிக்குமோ?"

"பசிக்கும். தின்னலெங்கில் சாவும்."

"மேலதிகாரி?"

"இல்லா."

சாமி தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டார். மறுவாரம் அவர் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது.

அந்த விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் ஒரு தடவை கேட்டேன். சாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என்னை அவர் என் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஓய் களியக்காவிளை, இங்க ஒரு மரத்தை வெட்டினா மரம் கையில வர்றது. ஆபீஸ்ல ஒரு ஃபைலைத் தள்ளினா கையில என்ன வர்றது? இன்னொரு ஃபைல்."

இதைக் கேட்ட பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? நானும் சேர்ந்தேன். ஷைனி, சாமி, நான், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே உலகம். அதைத் தொடங்கும் பொறுப்பை நம்பி என்னிடம் கொடுத்தார்கள். 'ஒரே உயிர்' என்று ஒரு பொத்தான் இருந்தது. வீரமாக இருக்கிறதே என்று அமுக்கிவிட்டேன். அமுக்கின பிறகுதான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். மூவரில் யார் ஒருவர் செத்தாலும் மொத்த உலகமும் அழிந்துபோகும், திரும்ப வராது.

ஷைனி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அதை நான் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் நாலாவது நாள் பேசத் தொடங்கினாள்.

சாமி ஸ்டோர் செக்‌ஷனை அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போனார். வெட்டின கல்லுக்கும் மண்ணுக்கும் பெட்டி செய்து பலகை மாட்டினார். 'கல் – பொது.' 'கல் – சிறப்பு.' 'மண் – பரிசீலனையில்.' நான் கூரைக்கு அவசரமாகப் பத்து மரப்பலகை கேட்டதற்கு, "இண்டென்ட் எழுதித் தாரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். 'காரணம் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பினார். அன்று ராத்திரி நான் கூரை இல்லாத வீட்டில் பூதங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

தோண்டின குழியை மூடாமல் வீட்டுக்குப் போக மாட்டார். "குழந்தைகள் விழுந்துடும்" என்பார். அந்த உலகத்தில் மொத்த ஜனத்தொகையே நாங்கள் மூன்று பேர்தான்.

ஆடு மாடு எதையும் கொல்ல மாட்டார். பூசணி பயிரிட்டார். காலையில் பூசணி, மத்தியானம் பூசணி, போர் நடந்தால் பூசணி. ஷைனி மட்டும் ஆற்றில் தூண்டில் போட்டு மீனாகப் பிடித்துச் சேர்த்தாள். மீன் பெட்டி ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்க வேண்டும் என்று சாமி உத்தரவு போட்டார்.

"செரி சாமீ. பட்சே ஒரு காரியம். சாமி குடிக்கிற வெள்ளமும் இந்த ஆற்றிலேதானே? மீனெல்லாம் அதிலதானே குளிக்குது?"

சாமி மம்மட்டியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் தனிக் கிணறு ஒன்று தோண்டி முடித்தார்.

இனி அவர் கட்டின ஊருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவர் நிஜ வீட்டைச் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டின வீடு. பக்கச் சுவர் பொதுச் சுவர். கல்யாணமான புதிதில் சட்டை மாட்ட ஒரு ஆணி அடித்திருக்கிறார். ஆணி அந்தப் பக்கத்து வீட்டுக் காலண்டரில் பதினெட்டாம் தேதியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்ததாம். அன்றோடு சரி. அவர் சட்டை, குடை, ஆபீஸ் பை எல்லாம் இன்றுவரை நாற்காலி மேல்தான் கிடக்கின்றன.

இப்படிப்பட்ட மனிதருக்கு, கண்ணுக்கெட்டின தூரம் காலி மனையாக ஒரு கண்டமே கிடைத்தால் என்ன கட்டுவார்? அரண்மனை? மலை மேல் மாளிகை?

அக்ரஹாரம் கட்டினார். இரண்டு வரிசை, வரிசைக்கு இருபது வீடு. எல்லாம் ஒட்டி ஒட்டி. எல்லாம் பொதுச் சுவர். ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி ஜன்னல். தெருக்கோடியில் குளம். தெற்கு வரிசையில் ஆறாவது வீடு அவருக்கு, ஏழாவது எனக்கு, எட்டாவது ஷைனிக்கு.

"சாமி, இம்புட்டு இடம் கெடக்கே, ஏன் இப்படி நெருக்கிக் கட்டுதிய?"

"பேச்சுத்துணை வேண்டாமோ ஓய்?"

இவ்வளவுக்கும் நடுவில் சாமி ரிட்டயர் ஆனார். மண்வேலை இரட்டிப்பாகியது. கூடவே பஞ்சாங்கமும் உள்ளே நுழைந்தது. அந்த ஆட்டத்தில் நிலா உண்டு, அது வளரும், தேயும். எட்டு நாளில் பௌர்ணமி திரும்ப வரும் என்று சாமி கண்டுபிடித்துவிட்டார். "அப்போ எட்டு நாளுக்கு ரெண்டு ஏகாதசி" என்றார். ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் இருபது நிமிஷம். ஆக எண்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை சாமி உபவாசம். பொழுது விடிந்து துவாதசி பிறந்தால்தான் பூசணி.

"இங்க ஏகாதசின்னா, சுகர் இருக்கு, டாக்டர் பட்டினி கிடக்கக் கூடாதுன்னுட்டார்னு சொல்லி மூணு அடை சாப்பிடுவர். அங்க மட்டும் கடும் விரதம்" என்று மாமி என்னிடம் சொன்னார். சாமியின் சகதர்மிணி. ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து, இப்போது லேப்டாப்பில் டியூஷன் எடுக்கிறார்.

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்கு போன் வந்தது. சாமி.

"ஓய், குளத்துப் படியிலேர்ந்து விழுந்துட்டேன். உயிர் பத்து இதயத்துல ரெண்டுதான் மிச்சம். பசியும் தீர்ந்து போயிடுத்து. சொட்டுச் சொட்டா எறங்கறது."

"பூசணி தின்னுங்க சாமி."

"ஏகாதசி."

"அப்ப ஆட்டத்தை நிறுத்திட்டு வெளிய வாங்க."

"விரதத்தைப் பாதியில நிறுத்திட்டு எழுந்து போறதா? நீர் வாரும். மூணு பேரும் ஒண்ணாப் படுத்தா உடனே விடிஞ்சுடும். ஷைனி இன்னிக்கு லீவு, அவா ஆத்துலதான் இருக்கா, படுத்துண்டுட்டா. நீர்தான் பாக்கி."

ஆட்டத்தில் அது ஒரு விதி. எல்லோரும் கட்டிலில் படுத்தால் ராத்திரி நொடியில் கழிந்து பொழுது விடியும். எழுந்து மேலதிகாரி மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

"மேடம், எனக்கு வேண்டியவர் ஒருத்தர் உயிர் ஊசலாடுது. அரை நாள் லீவு..."

"ஐயோ! எந்தாணு அசுகம்?"

"பட்டினி மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டினியோ? எங்கே?"

"கோட்டைக்குள்ள மேடம்."

மேடத்தின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்தப் பாவம் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.

எட்டு நிமிஷத்தில் சாமி வீட்டில் இருந்தேன். சாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஷைனியின் குரல் போன் ஸ்பீக்கரில் கேட்டது. மாமியின் லேப்டாப்பை இழுத்து என் முன்னால் வைத்தார். அதிலும் அந்த விளையாட்டு இருந்தது.

"இது என் லேப்டாப்ல எப்போ வந்தது?" என்றார் மாமி.

சாமிக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

"நாலு மணிக்குக் கிளாஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமி என் பின்னாலேயே நின்றார்.

உள்ளே போனேன். தெருக்கோடியில் குளத்தங்கரையில் நிற்கிறேன். சூரியன் விழுந்துகொண்டிருக்கிறது. ஓடினேன். ஏழாவது வீடு. எந்த முனையில் இருந்து ஏழு? நாற்பது வீட்டுக்கும் ஒரே மூஞ்சி! ஒரு கதவைத் திறந்தேன், காலி. இன்னொன்று, காலி. பின்னால் பூதங்கள் உறுமத் தொடங்கிவிட்டன. மூன்றாவது கதவைத் திறந்தால் சுவரில் தூண்டில். கட்டிலில் ஷைனி.

"சேட்டா! இது என்டெ வீடு! அப்புறத்து! அப்புறத்து!"

வெளியே பாய்ந்து அடுத்த வீட்டுக்குள் விழுந்து கதவைச் சாத்தினேன். என் வீடுதான். கட்டிலைக் காணவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் மலை பார்க்கப் போனபோது, போகிற இடத்தில் படுக்கலாமே என்று கட்டிலைப் பெயர்த்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். மலையைப் பார்த்தேன். இறங்கி வந்தேன். கட்டில் மலை மேல்.

"சேட்டா கட்டிலையும் கொண்டு டூர் போயா?" என்றது போன். "என்டெ அப்பன் கடலுக்குப் போகும்போ வலை எடுக்கும். கட்டில் எடுக்கில்லா!"

கதவை வெளியிலிருந்து பூதங்கள் இடித்தன. சாமிக்கு அரை இதயம் மிச்சம். அவர் கத்தவில்லை. "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் கட்டினதுன்னு இந்தத் தெரு ஒண்ணுதான் ஓய்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சாமி, ஒரே ஒரு துண்டு பூசணி. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துண்டிருக்கேனே ஓய்."

அடுத்த நொடி சாமி நாற்காலியிலிருந்து துள்ளினார். "சுவத்தை இடியும்!"

"எந்தச் சுவர்?"

"பொதுச் சுவர்! இந்தப் பக்கம் என் ஆத்துல இன்னொரு கட்டில் கெடக்கு! இடியும்!"

ஒரு ஆணிக்காக முப்பது வருஷம் சட்டையை நாற்காலியில் போட்ட மனிதர் சொல்கிறார். மம்மட்டியை எடுத்து நான் போட்டேன் பாருங்கள் போடு! சுவர் பொத்தலாகி அந்தப் பக்கம் விழுந்தேன். சாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில். ரோஸ் நிற விரிப்பு. படுத்தேன். சாமியும் படுத்தார்.

விடிந்தது.

சாமி எழுந்து பூசணியைக் கையில் எடுத்தார். அப்போதும் அவசரப்படவில்லை. இலையைச் சுற்றித் தண்ணீர் விடுவதுபோல் மௌஸைச் சுற்றி ஒற்றை விரலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார். இதயம் ஒவ்வொன்றாக ஏறியது. ஷைனி போனில் விசிலடித்தாள்.

பின்னாலிருந்து மாமி கேட்டார். "அந்த ரெண்டாவது கட்டில் யாருக்கு?"

"வர்றவாளுக்கு."

"வர்றவாளுக்கா ரோஸ் கலர்?"

சாமி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மாமி உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். நாலு மணி கிளாஸ் நாலேகாலுக்குத்தான் தொடங்கியது.

மறுவாரம் மாமி ஆட்டத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் செய்த முதல் வேலை, ரோஸ் கட்டிலில் படுத்திருந்த என்னை எழுப்பி வெளியே அனுப்பியது. அதன் பிறகு நான் ஷைனியின் மீன் பெட்டி மேல் உட்கார்ந்து தூங்க முயற்சி செய்து, முடியாமல், நாலு பேருடைய ராத்திரியையும் கெடுத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, எனக்கு நாகர்கோவில் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே வேலை உயிரைப் பிடுங்குகிறது, வீட்டில் சிக்னல் கிடையாது. போன மாதம் சாமிக்கு ஒரு மெசேஜ் போட்டேன், கொஞ்சம் நீளமாகவே. இனி அடிக்கடி வர முடியாது, ஏழாம் நம்பர் வீட்டை இடித்து இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பொதுச் சுவர் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள், என்னால் உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு, மன்னிக்க வேண்டும் என்றெல்லாம்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"உம்ம ஆத்துல கட்டில் போட்டாச்சு ஓய்."