மாம்போங் மேட்டில் மக்கர்

தலையில் அவித்த சோளக் கூடையோடு நடந்துவந்த பெண்மணி தன் வண்டியை முந்திக்கொண்டு போனபோது, குவாபெனா ஒபிரிக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மானமும் போயிற்று.

மாம்போங் மலைச்சாலையில் செங்குத்தான ஏற்றம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தியிருந்தார். வண்டியோ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி நகர்ந்தது. கறுப்பு நிறப் பெரிய எஸ்.யூ.வி. பழைய வண்டிதான், ஆனால் இவர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சோளக்காரி திரும்பிப் பார்த்தாள். "சார், ரெண்டு கதிர் வாங்கிக்குங்க. வண்டியை நிறுத்த வேணாம், நான் அப்படியே கூட நடந்து வரேன்."

பக்கத்து இருக்கையில் இருந்த செர்வா குபீரென்று சிரித்தாள். ஜன்னல் வழியாகவே நான்கு கதிர் வாங்கி, ஒன்றை ஒபிரியிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க சார். மேலே போய்ச் சேர நேரமாகும்."

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஒபிரி. கதிரைக் கடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

இருவருக்கும் மாம்போங் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை. அவர் புவியியல், அவள் இசை. மலைக்குக் கீழே குமாசி நகரில் இருவர் வீடும் டாஃபோ பக்கம்தான். இந்தப் பருவத்தில்தான் அவள் அந்தப் பக்கம் குடிவந்தாள். "என்கூடவே வந்துடுங்களேன்" என்று ஒபிரி சொன்னது மறுநாளே. வண்டி வாங்கியது அதற்கு அடுத்த வாரம். மழைக்காலச் சேற்றுக்காக வாங்கியதாகக் கல்லூரியில் சொல்லி வைத்திருந்தார். யாரும் நம்பவில்லை.

நாற்பது தாண்டிய மனிதர். மலையேறி முடிப்பதற்குள் அவளிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். வண்டியே ஏறாதபோது வார்த்தை எங்கே ஏறும்?

பின்னால் ஹாரன் அலறியது. கணக்கு வாத்தியார் டோன்கோர் தன் சிவப்புக் காரில் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார்.

"என்ன ஒபிரி, வண்டியைத் தூங்க வைக்கிறீங்களா? செர்வா டீச்சர், இங்க ஏறிக்குங்க. மணி அடிக்கிறதுக்குள்ள சேர்த்துடறேன்!"

"வேணாம் சார். பாதி வழியில இறங்கினா நல்லாவா இருக்கும்?"

பரிதாபப்படுகிறாள்! இது குத்தலைவிட மோசம் என்று பட்டது ஒபிரிக்கு. அன்று சாயங்காலமே வண்டியை, குமாசியின் பட்டறைப் பேட்டையான சுவாமே மேகசினில், மெக்கானிக் அடுசேயின் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

அடுசே பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தான். "மூச்சடைப்பு வாத்தியாரே. காத்து போற வழி பூரா கரி. கழுவி விட்டா பறக்கும்."

கழுவி விட்டான். பறக்கவில்லை. இப்போது வண்டி நின்ற இடத்திலேயே உறும ஆரம்பித்தது. டாஃபோ சந்திப்பில் சிங்கம் மாதிரி கர்ஜித்துக்கொண்டு ஆமை மாதிரி நகர்ந்த வண்டியைப் பார்த்துப் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஐயா, யாரை மிரட்டறீங்க?"

செர்வா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"பெட்ரோல் வடிகட்டி" என்றான் அடுசே மறுநாள். அதையும் மாற்றினான். வண்டி உறுமலை விட்டது. அதற்குப் பதில், மேட்டில் பாதி ஏறியதும் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நின்றால் ஆற விட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

"நாளையிலருந்து கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடலாம் சார்" என்றாள் செர்வா.

மறுநாள் ஃபிளாஸ்கில் கஞ்சியும் ஒரு டப்பாவில் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் தலையணை ஒன்று. ஒபிரி மனம் நொந்து போனார். என் வண்டியில் ஏறுவதை நெடுந்தூர ரயிலில் ஏறுவதாகவே முடிவு கட்டிவிட்டாளே!

வண்டி ஆறுகிற நேரத்தில் அவள் பாட்டுச் சொல்லித்தருவாள். கல்லூரிப் பாடகர் குழுவுக்கு ஒரு கட்டைக் குரல் தேவையாம். ஒபிரி வெட்கப்பட்டுக்கொண்டே பாடுவார். கீழே பள்ளத்தாக்கில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும்.

"உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு சார்."

பொழுது போக வேண்டுமே, பாவம், ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியில் அடுசே தன் மைத்துனனிடமிருந்து கோளாறு காட்டும் ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். வண்டியில் செருகியதும் அவன் முகம் மலர்ந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! உங்க காலுக்குக் கீழதான் கோளாறு. இந்தப் பெடலுக்குள்ள ரெண்டு சென்சார் இருக்கு. நீங்க பாதி மிதிச்சா ரெண்டும் சேர்ந்து 'பாதி'ன்னு சொல்லணும். இங்க ஒண்ணு 'பாதி'ங்குது, இன்னொண்ணு 'இந்த ஆள் காலே வைக்கல'ங்குது. கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? யாரையும் நம்பாம, எதுக்கு வம்புன்னு வண்டியை உருட்டுது."

"இதை முதல்லயே பார்த்திருக்கலாமே அடுசே?"

"முதல்ல ஸ்கேனர் இல்லையே வாத்தியாரே."

வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்த்தான், அசைத்துப் பார்த்தான். வயரில் குற்றமில்லை. பெடலையே மாற்றினால்தான் ஆகும். பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது கைவசம் இருந்தது. அச்சு அசலாக இதே மாதிரி என்றான். திருகாணியும் பொருந்தியது, பிளக்கும் பொருந்தியது.

வண்டிக்குத்தான் பொருந்தவில்லை. அது வேறு வருஷத்து மாடல். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்காகக் காலையில் கிளம்பி, மாம்போங் ஊருக்குள் நுழைந்ததும் பெடல் முழுசாகக் கைவிட்டது. மிதித்தாலும் ஒன்றுதான், மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான். தானாக ஊர்வதோடு சரி.

ஊர்ந்த இடமும் சரியில்லை. முன்னால் ஒரு சாவு ஊர்வலம். கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம், பித்தளை வாத்தியம், நடுவில் பெட்டி. சந்து குறுகல். திரும்ப வழியில்லை. பெரிய கறுப்பு வண்டி, நடையைவிட ஒரு இம்மி கூடாமல் பின்னாலேயே வருவதைப் பார்த்து ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

"யாரு இந்தப் பெரிய மனுஷன்?"

"குமாசியில இருந்து வந்திருக்கார். பாரேன், எவ்வளவு அடக்கமா வரார்!"

பந்தலில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஜொலோஃப் என்கிற தக்காளிச் சோறும் கோழியும் வந்தன. செத்தவரின் மூத்த மகன் ஒபிரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பாவுக்கும் உங்களுக்கும் எப்படிப் பழக்கம்?"

ஒபிரி செர்வாவைப் பார்த்தார்.

"பழக்கம்னு சொல்ல முடியாது. இன்னிக்குத்தான் அவர் பின்னாடியே வர வாய்ச்சது" என்றாள் செர்வா, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம், செர்வா பாட்டு டீச்சர் என்று தெரிந்ததும் இருவரையும் பாடச் சொன்னார்கள். பாடினார்கள். பந்தலே உருகியது. வகுப்புக்கு மட்டம். கல்லூரி முதல்வர் திங்களன்று கூப்பிட்டு, இனியும் தாமதமானால் நல்லாயிருக்காது என்று அழுத்திச் சொன்னார். வெளியே வந்தபோது டோன்கோர் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

போதும் என்று தோன்றியது ஒபிரிக்கு. அடுசேயை நம்பாமல் தானே மேகசினுக்குள் புகுந்து, உதிரிபாகக் கடை அலாஜி இசாக்காவைப் பிடித்தார். அலாஜி வண்டியின் நம்பரை வாங்கி, வருஷம் பார்த்து, பெட்டி பிரிக்காத புதுப் பெடலை எடுத்துக் கொடுத்தார். அடுசே மாட்டினான். சாவியைத் திருப்பி, பெடலைத் தொடாமல் காத்திருந்து, பிறகு மெல்ல அடிவரை அழுத்தி விட்டு, புதுப் பெடலை வண்டிக்குப் பழக்கினான். ஸ்கேனரில் இரண்டு சென்சாரும் ஒரே பேச்சாகப் பேசின. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை வண்டி பறந்தது. சோளக்காரி கண்ணாடியில் ஒரு புள்ளியாகச் சிறுத்தாள். டோன்கோரின் சிவப்புக் கார் பின்னால் திணறியது. கஞ்சி ஃபிளாஸ்கைத் திறக்கக்கூட நேரமில்லாமல் கல்லூரி வாசல் வந்துவிட்டது. வாசற்கதவே இன்னும் திறக்கவில்லை.

"எப்படி?" என்றார் ஒபிரி, மூச்சு வாங்க, வண்டியோடு தானும் ஓடிவந்தவர் போல.

"வேகமா இருக்கு" என்றாள் செர்வா. தலையணையையும் திறக்காத ஃபிளாஸ்கையும் மார்போடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போனாள்.

ஒபிரிக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துவிட்டாளோ? சாயங்காலம் திரும்பும்போதும் பேச்சில்லை, பாட்டில்லை. பேச்சை எடுப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. சுவாமே அருகில், "என்னை இங்கேயே இறக்கி விட்டுடுங்க சார். ஒரு வேலை இருக்கு" என்று இறங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே நல்ல வண்டி. காலியான இருக்கை.

போன் அடித்தது. அலாஜி இசாக்கா.

"வாத்தியாரே, தப்பா நினைக்காதீங்க, ஒரு சந்தேகம். இங்க ஒரு டீச்சரம்மா வந்து நிக்கறாங்க. உங்க வண்டி மாடல், வருஷம் எல்லாம் கரெக்டா சொல்றாங்க. ஆனா நல்ல பெடலை எடுத்துக் காட்டினா வேணாங்கறாங்க. கெட்டுப்போனதாப் பார்த்து ஒண்ணு குடுங்கங்கறாங்க!"